பழைய ஆடையும் அதன் பயனும்

உணவு, உடை, உறையுள் என மக்களுக்கு இன்றியமையாதனவற்றை மூன்றாக வகுத்துக் கூறுதல் மரபு. இவற்றுள் உணவு உண்டபொழுதே ஒழிவது. உறையுள் நின்ற இடத்திலேயே நிலைப்பது. உடை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அஃது ஒருவர் உடம்பினின்றும் நீங்கிய பின்னரும் எஞ்சுவது. எஞ்சி, மற்றொருவர் உடம்பைச் சென்று சேரவல்லது. உயிரானது நைந்த உடம்பை நீத்துப் புதிய உடம்பிற் புகுதலை, மனிதன் பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுத்தலோடு ஒப்பிட்டுப் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் கூறும். அங்கு உவமையின் நோக்கு உயிரைப் பற்றியதாதலின், களையப்பட்ட ஆடை பின்னர் யாதாயிற்று என்னும் வினா எழவில்லை. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

வினா சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் இன்று பழைய ஆடை, கண்டம் விட்டுக் கண்டஞ் செல்லும் பெருவாணிகப் பொருளாக விளங்குகின்றது. ஒரு சாரார் அதனை விரும்பிப் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். மற்றொரு சாரார் அதனைத் தொடவுங் கூசுகின்றனர். ஒரே பொருள் ஒருவருக்கு அணியாகவும் மற்றொருவருக்கு இழிவாகவும் தோன்றுதற்குக் காரணம் யாது? இதனை ஆராயின், ஆடையைப் பற்றி மட்டுமன்றிக் கொடையைப் பற்றியும் மானத்தைப் பற்றியும் நாம் சில உண்மைகளை அறியலாம்.

தமிழிலே ஆடையைக் குறிக்குஞ் சொற்களுள் 'துணி', 'அறுவை' என்பன கருதத்தக்கன. துணித்தலும் அறுத்தலும் வெட்டுதலே. தறியினின்றும் அறுத்தெடுக்கப்படுவது என்னும் பொருளிலேயே இப்பெயர்கள் அமைந்தன. பழைய துணியைக் குறிக்கும் 'கந்தை' என்பது வடமொழிக் 'கந்தா' என்பதனோடு தொடர்புடையது. வங்காளப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி ஒன்றாகத் தைத்துச் செய்யும் அழகிய போர்வைக்குக் 'காந்தா' என்னும் பெயர் வழங்குதலும் இது பற்றியே. கந்தலின் பெயர் அங்கே ஒரு கலையின் பெயராயிற்று.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை, கரிகாற் சோழனிடஞ் சென்ற பொருநன் ஒருவனின் உடையை விரித்துரைக்கின்றது. ஈரும் பேனும் குடியிருக்க, வியர்வையில் நனைந்து, வேற்று நூல் கொண்டு தைக்கப்பெற்ற கந்தையை அவன் உடுத்திருந்தான். அரசன் அதனை நீக்கி, பாம்பின் உரி போன்ற மெல்லிய பூவேலைப்பாடமைந்த ஆடையை அவனுக்கு அளித்தான். இரவலனுக்குக் கொடுக்கும் ஆடை புதியதாகவும் உயர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்பது அக்கொடையின் உட்கோள். இச்செய்தியை நினைவில் இருத்துக. ஈராயிரம் ஆண்டுகட்குப் பின்னர் நிகழ்ந்தவற்றை மதிப்பிடுதற்கு இது பயன்படும்.

பிறர் உடுத்ததை உடுத்தல் தகுமா என்பதில் இந்திய மரபு ஒருமுகமாக இருந்ததில்லை. பிறர் அணிந்த செருப்பையும் ஆடையையும் அணியலாகாது என மனுநூலின் நான்காம் அத்தியாயம் விதிக்கின்றது. பௌத்த நெறியோ இதற்கு மாறாக, குப்பைமேட்டிலும் இடுகாட்டிலும் எறியப்பட்ட துணிகளைப் பொறுக்கிக் கழுவிச் சாயந்தோய்த்து உடுத்தலைத் துறவிக்கு உயர்ந்த நோன்பாக வைத்தது. அத்தகைய ஆடை பாம்சுகூலம் எனப்பட்டது. மகத நாட்டு வயல்களின் வரப்புக்களைப் போலத் துண்டுகளை இணைத்துத் தைக்கும் சீவர அமைப்பு இன்றும் பிக்குகளின் உடையிற் காணப்படுகின்றது. ஈழநாட்டிற் சிங்கள மக்களின் இறுதிச் சடங்கிலே பிக்குகளுக்கு வெள்ளைத் துணி வழங்குங் கிரியை 'பாம்சுகூலம்' என்னும் பழைய பெயரையே தாங்கியுள்ளது. ஆகவே, ஒரே கந்தை இல்லறத்தானுக்கு விலக்கப்பட்டது, துறவிக்கு விதிக்கப்பட்டது. துறவி அதனைத் தானே தேர்ந்து கொண்டான் என்பதே வேறுபாடு.

நூலின் விதி எதுவாயினும், வீட்டின் வழக்கம் பழந்துணியைப் போற்றியே வந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளிலே தாயின் பழைய நூற்சேலையே குழந்தைக்கு ஏணையாயிற்று. பல முறை தோய்ந்து மென்மையடைந்த அத்துணிக்குப் புதுத்துணி ஈடாகாது என்பதை அறியாத பாட்டியார் இலர். தந்தையின் வேட்டி கிழிந்தால் அது விளக்குத் திரியும், காயத்துக்குக் கட்டும், அடுப்படியிற் கைபிடி துணியும் ஆயிற்று. தமிழ்நாட்டு நகரங்களிலே பழைய துணிக்குப் பாத்திரங் கொடுப்போர் தெருத்தெருவாகத் திரிந்தனர். மெய்யான சரிகை இழையிலே பொன் முலாம் பூசிய வெள்ளி இருத்தலின், பழம் பட்டுச்சேலையை வாங்கி எரித்து வெள்ளியைப் பிரித்தெடுத்தலும் ஒரு தொழிலாயிற்று.

இத்துணைச் சிக்கனம் ஏன் வேண்டப்பட்டது? துணியின் அருமையே காரணம். பொறிகள் தோன்றுமுன்னர் நூல் முழுவதும் கையாலேயே நூற்கப்பட்டது. நெய்பவர் ஒருவருக்கு வேண்டும் நூலை நூற்றற்குப் பலர் உழைத்தல் வேண்டும். ஆதலின் ஓர் ஆடை என்பது பல நாள் உழைப்பின் திரட்சி. வீட்டின் செல்வங்களுள் ஒன்று. இங்கிலாந்திலே மக்கள் தம் இறுதி விருப்பாவணத்தில் நிலத்தையும் பொருளையும் போல ஆடையையும் இன்னாருக்கு என எழுதி வைத்தனர். 1616 ஆம் ஆண்டில் இறந்த சேக்ஸ்பியர், தாம் அணிந்த ஆடைகள் அனைத்தையுந் தம் சகோதரி யோனுக்கு உரிமையாக்கினார். அவர் காலத்து இலண்டன் நாடகக் குழுக்களின் உடைகள் வந்த வழியும் சுவையானது. 1599 ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சென்ற சுவிற்சர்லாந்து நாட்டவராகிய தோமஸ் பிளாற்றர் என்பார், பிரபுக்கள் இறக்கும்பொழுது தம் சிறந்த உடைகளைப் பணியாளருக்கு விட்டுச்செல்வர் என்றும், அவற்றை அணிதல் தம் நிலைக்குப் பொருந்தாமையாற் பணியாளர் அவற்றை நடிகருக்குச் சிறு விலைக்கு விற்பர் என்றும் எழுதியுள்ளார். அரங்கிலே அரசனாகத் தோன்றியவன் உண்மைப் பிரபு ஒருவனின் சட்டையையே அணிந்திருத்தல் கூடும்.

காலப்போக்கில் இலண்டனிலே பழைய ஆடைக்கெனத் தனிச்சந்தைகள் எழுந்தன. ரோஸ்மேரி ஒழுங்கையிற் கூடிய கந்தற் சந்தையும், மொன்மத் வீதிக் கடைகளும், பெற்றிக்கோற் ஒழுங்கையும் பெயர்பெற்றன. டிக்கன்ஸ் 1836 இல் வெளியான தம் முதல் நூலில் மொன்மத் வீதியின் பழைய உடைகளைப் பார்த்து, அவற்றை அணிந்தோரின் வாழ்க்கையைக் கற்பனை செய்து ஒரு கட்டுரை வரைந்தார். கார்லைலும் தம் 'தையற்காரன் மீளத் தைக்கப்பட்டான்' எனப் பொருள்படும் பெயருடைய நூலிலே பழைய ஆடைக்கு ஓர் இயலை ஒதுக்கினார். உருசிய எழுத்தாளர் கொகொல் 1842 இல் வெளியிட்ட 'மேலங்கி' என்னும் கதையிலே, எளிய எழுதுவினைஞன் ஒருவன் தன் பழைய மேலங்கிக்கு ஒட்டுப் போடுவிக்க முயல்கின்றான். துணி முழுவதும் நைந்தமையால் ஒட்டுத் தாங்காது எனத் தையற்காரன் மறுத்துவிடுகின்றான். அம்மறுப்பிலிருந்தே கதையின் துன்பம் பிறக்கின்றது.

இவ்வாணிகத்தின் உள்ளமைப்பை 1851 இல் வெளியான ஹென்றி மேகியூவின் 'இலண்டன் உழைப்பாளரும் இலண்டன் ஏழைகளும்' என்னும் நூல் விளக்குகின்றது. சிலர் தெருவிற் கூவிப் பழைய உடையை வாங்கினர். சிலர் மட்பாண்டங் கொடுத்து மாற்றினர். வந்த உடை தரம் பிரிக்கப்பட்டது. நல்லது துப்புரவாக்கப்பட்டு விற்பனையாயிற்று. ஓரிடம் மட்டும் நைந்தது வெட்டிச் சிறுவருடையாக்கப்பட்டது. உடுக்கவே இயலாத கம்பளிக் கந்தல் வயலுக்கு எருவாயிற்று. பருத்தி, சணல் கந்தல்கள் கடதாசி ஆலைக்குச் சென்றன. எனவே, 'கழிவு' எனத்தக்கது ஏறக்குறைய யாதுமில்லை.

கடதாசியைப் பற்றி ஈண்டு ஒரு சொல் கூறுதல் தகும். மரக்கூழிலிருந்து கடதாசி செய்யும் முறை 1840 களிலேயே ஐரோப்பாவில் உருவாயிற்று. அதற்கு முன்னர் அங்கு அச்சாகிய நூல்கள் பெரும்பாலும் கந்தற் கடதாசியிலேயே அச்சாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான நூல்கள் பழுப்பேறி நொறுங்க, அவற்றுக்கு முந்நூறு ஆண்டு முற்பட்ட நூல்கள் வெண்மை குன்றாது நிற்றலை நூலகங்களிற் காணலாம். ஏழையின் கிழிந்த சட்டை அறிஞரின் நூலுக்குத் தாளாயிற்று என்பது வெறும் அணியுரையன்று.

கம்பளிக் கந்தலுக்கும் புதுவாழ்வு கிடைத்தது. யோர்க்சயரைச் சேர்ந்த பற்லி என்னும் ஊரிலே பெஞ்சமின் லோ என்பார் 1813 ஆம் ஆண்டளவில், பழங்கம்பளியைக் கிழித்துப் பஞ்சாக்கிப் புதுக் கம்பளியோடு கலந்து மீண்டும் நூற்கும் முறையைத் தொடக்கினார். அத்துணி 'ஷொடி' எனப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைவீரருக்கு இவ்வகையில் மட்டமான சீருடைகள் வழங்கப்பட்டமையால், அச்சொல் ஆங்கிலத்தில் 'தரங்குறைந்த' என்னும் பொருளைப் பெற்றது. எனினும் தொழில் அழியவில்லை. இன்று இந்தியாவின் அரியானா மாநிலத்துப் பானிப்பட்டு நகரம் அதன் பெருநிலையமாக விளங்குகின்றது. உலகின் பல பாகங்களிலிருந்தும் வரும் கம்பளி உடைகள் அங்கே பொத்தானும் புறணியும் நீக்கப்பட்டு, நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, கிழித்து நூற்கப்பட்டுக் கம்பளிப் போர்வைகளாகின்றன. நிறவாரியாகப் பிரித்தலாற் சாயந்தோய்க்கும் செலவும் நீரும் மிஞ்சுகின்றன. வெள்ளத்தாலும் நில நடுக்கத்தாலும் வீடிழந்தோருக்கு வழங்கும் போர்வைகளிற் பல இவ்வாறு தோன்றியவையே.

இத்துணைப் பயனுடைய பொருள் இகழப்பட்டமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது நோயச்சம். இது முற்றும் ஆதாரமற்றதன்று. உடுப்பின் மடிப்பில் வாழும் பேனே தைபசுக் காய்ச்சலைப் பரப்புகின்றது என்பதைச் சாள்ஸ் நிக்கோல் 1909 ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அதன் பொருட்டு 1928 இல் நோபெற் பரிசும் பெற்றார். பொருநராற்றுப்படை கூறிய ஈரும் பேனும் கவிஞரின் மிகைக்கூற்றல்ல. ஆயின் நோயைக் கண்டறிந்த அறிவே மருந்தையுந் தந்தது. 54 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்தால் உடுப்புப்பேன் இறக்கும். மனித உடம்பினின்றும் நீங்கினால் அது ஒரு வாரத்துக்கு மேல் வாழமாட்டாது. 'கந்தையானாலுங் கசக்கிக் கட்டு' என்ற முதுமொழி இழிவு கந்தையிலன்று, அழுக்கிலே உள்ளது என்பதை முன்னரே தெளிவாக்கிற்று.

இரண்டாவது காரணம் மலிவு. ஆக்ரைட்டின் நூற்கும் பொறியும், குரொம்ரனின் பொறியும், பின்னர்த் தையற்பொறியும் வந்தபின் புதிய ஆடை எளியோருக்கும் எட்டிற்று. புதியதை வாங்க இயலாதவனே பழையதை நாடுவான் என்னும் எண்ணம் வேரூன்றியது. இவ்வெண்ணத்தை இரண்டாம் உலகப் போர் சில காலம் மாற்றிற்று. பிரித்தானியாவில் 1941 யூன் 1 ஆம் திகதி ஆடைப் பங்கீடு தொடங்கியது. முதலாண்டில் ஒருவருக்கு 66 பங்கீட்டுச் சீட்டுக்கள் வழங்கப்பட்டன. ஆடவரின் முழுவுடுப்பு ஒன்றுக்கே 26 சீட்டுக்கள் வேண்டியிருந்தன. 1943 இல் அரசாங்கமே, உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றித் திருத்தி அணிக என மக்களுக்கு அறிவுரை கூறுஞ் சிறு நூலை வெளியிட்டது. பிள்ளைகள் வளர்ந்து கழித்த உடைகளை மாற்றிக்கொள்ளும் நிலையங்களைப் பெண்கள் தொண்டர் அணியினர் நடத்தினர். ஒட்டுப்போட்ட சட்டை அந்நாளிலே வறுமையின் அடையாளமாகாது நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. பங்கீடு 1949 மார்ச்சு 15 ஆம் திகதி முடிவுற்றது. துணி மாறவில்லை, துணியைப் பார்த்த கண்ணே மாறியது.

பிந்திய காலத்திலே இக்கண் மீண்டும் ஒருமுறை மாறியது. மேனாட்டிலும் சப்பானிலும் இளைஞர் பலர் பழைய உடையை வேண்டியே தேடுகின்றனர். இதனை அவர்கள் 'விண்டேஜ்' என்பர். அச்சொல் முந்திரிகைப் பழ அறுவடையையும், குறித்த ஆண்டின் மதுவையுங் குறித்தது. பின்னர், தன் காலத்தின் சிறப்பைத் தாங்கி நிற்கும் எப்பொருளையுங் குறிக்கலாயிற்று. வணிகர் பொதுவாக இருபது ஆண்டுக்கு மேற்பட்ட உடையை இப்பெயராற் சுட்டுவர். ஆகவே, இருமுறை விற்கப்படும் எவ்வுடையும் விண்டேஜ் ஆகாது. சென்ற ஆண்டில் தைத்து இவ்வாண்டிற் கழித்த சட்டை வெறும் பழைய சட்டையே.

இவ்விருப்பத்துக்கு நான்கு காரணங்கள் கூறலாம். முதலாவது வேலைப்பாடு. பழைய உடைகளிலே தையலோரத் துணி தாராளமாக விடப்பட்டிருக்கும். உடம்பு பெருத்தால் அதனைத் தளர்த்திக் கொள்ளலாம். துணியின் நிறையும் பெரும்பாலும் மிகுதி. இரண்டாவது தனிமை. பல்லாயிரம் ஒரேவகைச் சட்டைகள் விற்கும் காலத்திலே, இன்னொருவரிடம் இல்லாததை அணிதல் ஒரு மகிழ்ச்சி. மூன்றாவது விலை. நான்காவது வரலாற்று நாட்டம். இதுவே கல்வியாளர் கருதத்தக்கது.

உடையும் ஒரு சாசனமே. படிக்கத் தெரிந்தவருக்கு அது காலத்தைக் கூறும். பிரித்தானிய உடையொன்றிலே சிக்கன உற்பத்திக்குரிய 'சீசீ 41' முத்திரை காணப்படின் அது 1941 இற்கு முற்பட்டதாகாது. நைலோன் காலுறை அமெரிக்காவெங்கும் விற்பனைக்கு வந்தது 1940 மே மாதத்தில்; ஆதலின் நைலோன் கலந்த உடையை அதற்கு நெடுங்காலம் முற்பட்டதெனக் கூறுவோர் நம்பத்தக்கவரல்லர். செப்பு ஆணி அறைந்த நீலக் காற்சட்டைக்கு லீவாய் ஸ்றாவுசும் யேக்கப் டேவிசும் 1873 மே 20 ஆம் திகதி காப்புரிமை பெற்றனர். போர்க்காலத்தில் நூலைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, அக்காற்சட்டையின் பின்பைத் தையற்கோலத்தை நூலால் தையாது மையினாலேயே வரைந்தனர். 1971 இல் அதன் சிவப்பு நாடாவிலுள்ள பெயரின் ஓர் எழுத்தைப் பெரிய வடிவினின்றும் சிறிய வடிவுக்கு மாற்றினர். அவ்வோர் எழுத்தே இன்று விலையை ஏற்றியும் இறக்கியும் விடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரிய அத்தகைய காற்சட்டையொன்று 2022 ஒற்றோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் 76,000 டொலருக்கு ஏலம் போயிற்று. உழைப்பாளி அணிந்து தேய்த்த காற்சட்டை செல்வரின் அரும்பொருளாயிற்று.

கந்தலால் வரலாறு துலங்கியதற்கு இதனினும் சிறந்த சான்று எகிப்திலே உண்டு. பழைய கைரோ எனப்படும் புஸ்தாத் நகரின் குப்பைமேடுகளிலே கிடைத்த அச்சுவேலைப் பருத்தித் துணித் துண்டுகள், குசராத்திற் செய்யப்பட்டவை என அறிஞர் துணிந்துள்ளனர். மத்திய காலத்திலே இந்தியத் துணி செங்கடல் வழியாகச் சென்று எளிய மக்களின் உடையாகவும் விளங்கிற்று என்பதற்கு, அரசர் சாசனங்களினும் இக்குப்பைத் துண்டுகளே நேரிய சான்றாகின்றன. இவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஒக்ஸ்போட்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலையில் உள்ளன.

இவற்றோடு இக்காலத்துக்குரிய காரணமொன்றும் சேர்ந்துள்ளது. பருத்திச் சட்டையொன்றுக்கு வேண்டும் பருத்தியை விளைவித்து முடித்தற்கு ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செலவாகும் என மதிப்பிடுவர். 1960 களிலிருந்து பருத்தி வயல்களுக்காக ஆறுகளைத் திருப்பியமையால் நடு ஆசியாவின் ஆரல் கடல் வற்றிச் சுருங்கியமை யாவரும் அறிந்தது. 1941 இல் இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்ட பொலியெஸ்ரர் இழையோ கன்னெய்யிலிருந்து பிறப்பது. மண்ணில் எளிதில் மட்காதது. ஆகவே உள்ள உடையை நெடுநாள் அணிதல் நீரையும் நிலத்தையுங் காத்தலாகும்.

இதுகாறும் கூறியவற்றால் பழைய ஆடை முழு நன்மையே எனக் கொள்ளலாமா? கொள்ளுதல் இயலாது. நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு.

மேனாடுகளிலே அறநிலையங்களுக்கு மக்கள் கொடுக்கும் உடைகளுள் ஒரு சிறுபகுதியே அந்நிலையங்களின் கடைகளில் விற்பனையாகின்றது. எஞ்சியவற்றை வணிகர் நிறைக் கணக்கில் வாங்கித் தரம் பிரித்து, 45 முதல் 55 கிலோகிராம் வரையுள்ள பொதிகளாக அழுத்திக் கட்டிக் கப்பலில் ஏற்றுகின்றனர். கென்யாவில் இவ்வுடைக்கு 'மித்தும்பா' என்று பெயர். பொதிகள் என்பது பொருள். சாம்பியாவில் 'சலவுலா' என்பர்; குவியலைக் கிளறித் தெரிதல் என்பது பொருள். கானாவில் 'ஒப்ரோனி வாவு' என்பர். இறந்த வெள்ளையரின் உடை என்பது கருத்து. இத்துணை உடையை உயிரோடிருக்கும் எவருங் கழிக்கமாட்டார் என்று அம்மக்கள் எண்ணினர் போலும்! நைரோபியின் கிக்கொம்பா, அக்ராவின் காந்தமாந்தோ ஆகிய சந்தைகளிலே பல்லாயிரவர் இத்தொழிலால் வாழ்கின்றனர். சிறு வணிகர் பொதியைப் பிரித்துப் பாராமலே விலை கொடுக்கின்றனர். உள்ளே நல்லுடை இருப்பின் ஊதியம். கிழிசல் இருப்பின் கடன். 2025 சனவரி தொடக்கத்தில் காந்தமாந்தோவின் பெரும்பகுதி தீக்கிரையானபொழுது, கடன் பெற்று முதலிட்ட வணிகர் பலர் யாவற்றையும் இழந்தனர்.

இவ்விறக்குமதியால் உள்நாட்டுத் தையற்றொழில் நலிந்தது என்பது மற்றொரு குறை. 1981 முதல் 2000 வரை ஆபிரிக்காவில் ஆடையுற்பத்தி வீழ்ந்ததிற் சுமார் நூற்றுக்கு நாற்பது பங்கு பழைய ஆடை இறக்குமதியால் நேர்ந்தது எனக் காத் பிரேசர் என்னும் பொருளியலறிஞர் 2008 இல் வெளியிட்ட ஆய்விற் கணித்தார். ஆசியாவின் மலிவான புதுத்துணியும், 1980 களிலும் 1990 களிலும் நிகழ்ந்த பொருளாதாரக் கொள்கை மாற்றங்களும் வீழ்ச்சிக்குத் துணைபுரிந்தன. 2016 இற் கிழக்காபிரிக்க நாடுகள் பழைய ஆடை இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்தன. அமெரிக்க வணிகர் முறையிட்டனர். கென்யா பின்வாங்கிற்று. கிலோகிராமுக்கு 20 சதமாக இருந்த தீர்வையை இரண்டரை டொலராக உயர்த்திய உருவண்டா தன் முடிவில் நின்றது. அதன் விளைவாக 2018 யூலை இறுதியில் அதன் ஆடைகளுக்கு அமெரிக்கா அளித்திருந்த தீர்வைச் சலுகை நிறுத்தப்பட்டது. நாம் வேண்டாமெனக் கழிப்பதை வாங்க மறுத்தலும் குற்றமாகுமோ என்னும் வினா இங்கே எழுகின்றது. ஈழநாடு 1978 இற் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் அமைத்த காலந்தொட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆடை தைத்து அனுப்பும் நாடு. நம் பெண்கள் தைத்த சட்டைகளும் அப்பொதிகளினுள்ளே கிடத்தல் இயல்பே. ஆதலின் இவ்வழக்கு நமக்குத் தொடர்பில்லாத தொலைவான வழக்கன்று.

2004 திசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபின், தமிழ்நாட்டிலே நாகபட்டினம் முதலிய பகுதிகளுக்குப் பல இடங்களிலிருந்தும் பழைய துணிகள் மலைபோல வந்து குவிந்தன. மீனவ மக்கள் அவற்றை ஏற்க மறுத்தனர்; துணிகள் தெருவோரங்களிலே மழையில் நனைந்து கிடந்தன. அம்மறுப்பைச் செருக்கு எனக் கூறினாரும் உளர். உழைத்து உண்டு, தம் பணத்தில் துணி எடுத்து உடுத்த மக்கள் ஒரு நாளில் யாவும் இழந்தபொழுது, எஞ்சியிருந்தது மானம் ஒன்றே. கிழிந்ததும் அழுக்குற்றதும் தம் வாழ்க்கை முறைக்கு ஒவ்வாததுமான துணியை ஏற்குமாறு வற்புறுத்துதல் அதனையும் பறித்தலாகும். இக்குவியலை ஒழுங்குபடுத்தும் பணியில், 1999 இல் அன்சு குப்தா நிறுவிய 'கூஞ்ச்' என்னும் நிறுவனம் ஈடுபட்டது. துணியை இரவலாகக் கொடாது, ஊர்க்கிணறு வெட்டுதல், பாதை திருத்தல் முதலிய வேலைக்கு ஊதியமாக அந்நிறுவனம் வழங்குகின்றது. உடுக்க இயலாத பருத்தித் துணியைத் துப்புரவு செய்து பெண்களின் மாதவிலக்குக் காலத்துக்குரிய துணியாக்குகின்றது. பெறுபவர் உழைத்துப் பெறுகின்றார், ஆதலின் நாணவேண்டியதில்லை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். பழைய ஆடையை அணியும் எவரும் அதன் பழமையால் இழிவடைவதில்லை. பௌத்தத் துறவி குப்பையிலிருந்து தானே பொறுக்கினான். சாம்பியாவின் தாய் குவியலைக் கிளறித் தானே தெரிந்தாள். பாரிசு நகரத்து மாணவி கடையிலே தானே தேர்ந்தாள். இவர்களுள் எவருக்கும் தலைகுனிவு இல்லை. நாகபட்டினத்து மீனவருக்கோ தெரியும் உரிமை அளிக்கப்படவில்லை. மானமும் இழிவும் ஆடையின் வயதைப் பொறுத்தனவல்ல. அதனைத் தெரியும் உரிமை யார் கையில் உள்ளது என்பதையே பொறுத்தன. கரிகாலன் தன் பொருநனுக்கு உயர்ந்த புத்தாடை அளித்தமையின் நுட்பமும் இதுவே. இரவலன் தானாகத் தெரிந்திருப்பின் எதனைத் தெரிந்திருப்பானோ அதனையே அரசன் கொடுத்தான்.

இக்கருத்தை நடைமுறைக்குக் கொணர விரும்பும் மாணவருக்குச் சில குறிப்புக்கள் உதவும். பழைய உடையை வாங்குமுன் அதனை ஒளிக்கெதிரே விரித்துப் பார்க்க. நைந்த இடம் ஒளியைக் காட்டிக் கொடுக்கும். அக்குளும் கழுத்துப்பட்டியும் தொடையிடுக்குமே முதலில் நைவன. உள்ளே குறித்த அளவை நம்பாது நாடாவால் அளக்க. அளவுக் குறிகள் காலந்தோறும் மாறியுள்ளன. இழையின் இயல்பை அறிய, ஓரத்து நூலொன்றை எடுத்து எரித்துப் பார்க்க. பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாகும்; பட்டும் கம்பளியும் மயிர் எரியும் நாற்றம் வீசும்; பொலியெஸ்ரர் உருகி மணிபோல இறுகும். பருத்தியை வெந்நீரிலே துவைக்க. வெந்நீர் தாங்காத கம்பளியைப் பையிற் கட்டி இருவாரம் ஒதுக்கி வைத்துப் பின்னர் வெயிலில் விரித்துத் தூரிகையால் துடைக்க. கிழிசல் சிறிதாயிருக்கும்போதே தைக்க. கல்லூரி நாடக மன்றங்கள் பெற்றோரிடமும் பழைய மாணவரிடமும் இருந்து பழைய வேட்டி, சால்வை, மேற்சட்டை முதலியவற்றைப் பெற்றுத் தொகுத்து வைத்தல் நன்று. அவை அரங்குக்கு உடையாவதோடு வரலாற்று மாணவருக்குச் சான்றுமாகும்.

கொடுப்போருக்கும் ஒரு விதி உண்டு. துவைத்து மடித்து, நம் உடன்பிறந்தாருக்குக் கொடுக்கத் துணிவதை மட்டுமே பிறருக்குக் கொடுத்தல் வேண்டும். மற்றையவற்றைத் திரியாகவும் துடைதுணியாகவும் நம் வீட்டிலேயே பயன்படுத்தலே முறை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய ஆடையின் நன்மை புதிய ஆடையை வாங்கும்பொழுதே தொடங்குகின்றது என்பதை உணர்தல் வேண்டும். இழை உறுதியும் தையல் நேர்மையும் உள்ள துணியே இருபது ஆண்டின் பின் இன்னொருவருக்குப் பயன்படும். மூன்று தோய்ப்பில் நைவது நமக்கும் உதவாது. பொதியாகக் கட்டிக் கடல்கடந்து அனுப்பினும் அங்குள்ளோருக்கு உதவாது. நாம் உடுத்தபின் இதனை யார் உடுப்பார் என்னும் எண்ணத்தோடு புடைவைக் கடைக்குச் செல்வோமாயின், வாங்குவது குறையும், வாங்கியது நிலைக்கும்.